எட்கர் மொலினுக்குக் கைதட்டிய ஊரிலிருந்து

மகன்,

நடந்தது எல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். நீ எழுதியது ஒருநாள் படமாகும் என்று சொன்னேன், ஆகிவிட்டது. நாட்டில் சண்டை ஒருநாள் ஓயும், ஓய்ந்ததும் இந்தப் பக்கத்துக்கு முதலில் வருகிறவன் கமெராவோடு வருவான் என்று சொன்னேன், வந்துவிட்டான். வருகிறவன் உன் கதையைக் கும்பிட்டு வாங்கிக்கொள்வான், உன் பெயரை மட்டும் செருப்பைப் போல வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்வான் என்றும் சொன்னேன். உன் அம்மா இதை வாசித்தால், "எப்ப சொன்னீங்க, ஆரிட்ட சொன்னீங்க" என்று கேட்பாள். சாட்சிக்கு ஆள் இல்லை என்பதற்காகச் சொன்னது சொல்லாததாகிவிடாது.

இதைத் தனியாக எழுதாமல் ஏன் பத்திரிகைக்குக் கொடுத்தேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். தனியாக எழுதினால் நீ வாசித்து மடித்து வைத்துவிட்டு, தொலைபேசியில் "ஓம் அப்பா, பாப்பம் அப்பா" என்பாய். இது ஞாயிற்றுக்கிழமை அச்சில் வரும். கொழும்பில் உன் அறைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையிலும் இந்தப் பத்திரிகை கிடைக்கும். நீ கையெழுத்து வைக்கப்போவது வெள்ளிக்கிழமை. இடையில் இருக்கிற நாட்களில், களுவாஞ்சிக்குடியிலிருந்து கதிரவெளி வரைக்கும் உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் உனக்கு அழைப்பு எடுத்து, "என்ன தம்பி, பேரக் குடுக்கப் போறியாமே" என்று கேட்க வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்துப் பிழைகளை ஆசிரியர் திருத்தலாம். விஷயத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுதுகிற விஷயத்தில் எனக்குச் சமமான ஆள் இந்த மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரையிலும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். என் மகன் ஒரு படத்துக்குக் கதையும் வசனமும் எழுதினான். சுனாமியில் கடல் வந்து போன மறுவாரம் ஒரு புருசனும் பெண்சாதியும் தோணியில் வாவியைக் கடக்கிறார்கள். அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் யாரையோ அடையாளம் காட்டப் போகிறார்கள். வழி முழுக்க ஓர் ஆட்டைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். கட்டையிலிருந்து அவிழ்த்துவிட்டது யார், விட்டிருக்க வேண்டுமா வேண்டாமா என்று. யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு சொல் இல்லை. தோணி கரையில் முட்டுகிறது, படம் முடிகிறது. கொழும்பு டைரக்டர் ஒருவர் அதை எடுத்து முடித்துவிட்டார். படம் வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போகிறது, பரிசு நிச்சயம் என்று பேசிக்கொள்கிறார்கள். இப்போது டைரக்டர் கேட்கிறார்: எழுதியவர், இயக்கியவர் என்று தன் பெயர் ஒன்றே வரட்டுமாம். என் மகனின் பெயரைக் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில், தோணி தந்தவருக்கும் ஆடு தந்தவருக்கும் நடுவில் போட்டுவிடலாமாம். என் மகனும் சரி என்று சொல்லிவிட்டான், வெள்ளிக்கிழமை அதற்குத்தான் கையெழுத்து.

இந்தச் சரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது எட்கர் மொலினிடமிருந்து வந்தது. அந்த மனிதரை உனக்கு அறிமுகம் செய்தவன் நான்தான். ஆகவே அவரைப் பற்றி முதலிலிருந்து, ஒழுங்காக, ஒருமுறை சொல்கிறேன்.

உன் இப்போதைய வயதைவிடச் சின்ன வயதில் நான் டவுனில் ஒரு தியேட்டரில் வேலை பார்த்தேன். அங்கே சனி, ஞாயிறு காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். தமிழ்ப் படத்துக்கு என்றால் பாட்டுப்புத்தகம் வந்துவிடும். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, மிகுதியை வெண்திரையில் காண்க என்று போட்டிருப்பார்கள். இங்கிலீஷ் படத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கதை தெரியாமல் சனம் வராது. ஆகவே முதலாளி கதை நோட்டீஸ் எழுத ஆள் தேடினார். "தம்பிக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். "ஐயா, படத்தப் பாக்கத்தானே வேணும், படிக்கவா போறம்" என்றேன். அந்த ஒரு பதிலுக்கே வேலை தந்தார். எனக்கு இங்கிலீஷில் எழுத்துக்களைத் தெரியும். அவை கூடிச் சொல்லானால் தெரியாது.

அதைவிடப் பெரிய சங்கடம், படப்பெட்டி கொழும்பிலிருந்து ரெயிலில் வந்து சேர்வது காட்சி நாள் விடியத்தான். நோட்டீஸோ முந்தியே அச்சடித்து ஊர் சுற்றியாக வேண்டும். ஆகவே வாசல் கண்ணாடிப் பெட்டியில் குத்துவதற்காக முன்கூட்டியே வரும் போட்டோக்களை மட்டும் வைத்துக்கொண்டு கதையைக் கட்டுவேன். ஒருமுறை ஒரு நீதிமன்றப் படம். போட்டோ ஒன்றில் குதிரைமேல் ஒரு மனிதன் இருந்தான். 'அநியாயத் தீர்ப்பைக் கேட்டுக் கதாநாயகன் குதிரையில் பாய்ந்தான்' என்று எழுதிவிட்டேன். படத்தில் பார்த்தால் அது நீதிமன்ற முற்றத்தில் நிற்கிற கல்லுச் சிலை. மலிவு ரிக்கட்டில் கலரியில் இருந்தவர்கள் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்க அண்ணன் குதிர?"

"குதிர அடுத்த பெட்டிக்குள்ள. அந்தப் பெட்டி ரெயில்ல பொலன்னறுவையில தங்கிட்டு. நாளைக்கு வந்திரும்."

மறுநாளும் தியேட்டர் நிறைந்தது. ஓட்டமாவடியிலிருந்து நெல் லொறி ஒன்றில் ஏறி, குதிரையைப் பார்க்கவென்றே ஒரு கூட்டம் வந்தது. முதலாளி எனக்கு ஒரு சேட்டுத் துணி வாங்கித் தந்தார்.

அந்த நீதிமன்றப் படத்தை எழுதியவர்தான் எட்கர் மொலின். எனக்கு அதைக் காட்டியவர் லெஸ்லி. லெஸ்லியை நீ கிழவனாகத்தான் அறிவாய். அப்போது அவர் தியேட்டரின் ஒப்பரேற்றர், கடற்கரையில் டச்பாரில் வீடு, பறங்கிக் குடும்பம், நல்ல இங்கிலீஷ். மெஷின் அறையில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, படத்தில் என்ன பேசுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். நம்முடைய தமிழ்ப் படங்களில் அந்தக் காலத்தில் வசனம் எழுதியவர் பெயர் கதாநாயகன் பெயரைவிடப் பெரிதாக வரும். வசனத்தைக் கேட்கவென்றே சனம் வரும். வசனத்தை மனப்பாடம் செய்து கலியாண வீட்டில் பேசுவார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று நான் எண்ணினேன். ஆகவே அடுத்த மொலின் படம் வந்தபோது, நோட்டீஸின் தலையில், நடிகர்களுக்கு மேலே, அச்சுக்கூடத்தில் இருந்த ஆகத் தடித்த எழுத்தில் 'கதை, வசனம்: எட்கர் மொலின்' என்று போடச் சொன்னேன். லெஸ்லி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரீல் விழப் பார்த்தது.

"என்ன மேன் நீ. அங்க ஒருத்தனுக்கும் இந்தப் பேர் தெரியாது. எழுதினவன்ட பேர் வரக்குள்ள அவங்க சோளப்பொரி வாங்கப் போயிருவாங்க."

"அப்ப அமெரிக்காக்காரனுக்கு அவ்வளவுதான் அறிவு. நம்மட சனத்துக்கு நாம சொல்லிக் குடுப்பம்."

சொல்லிக் கொடுத்தோம். படம் தொடங்கிப் பெயர்கள் ஓடும்போது, மொலின் பெயர் வருகிற நொடியில் லெஸ்லி மெஷின் வெளிச்சத்துக்கு முன்னால் தன் சுட்டுவிரலை நீட்டுவார். திரையில் அந்த விரலின் நிழல் பெரிதாக எழுந்து பெயருக்குக் கீழே நிற்கும். நோட்டீஸில் பெயரை வாசித்துவிட்டு வந்த சனம், இதுதான் அது என்று கண்டுகொண்டு விசில் அடிக்கும், கைதட்டும், கலரியில் பலகையில் தட்டும். மகன், உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்கிறது. ஓர் அமெரிக்கப் படத்தில் அதை எழுதியவனுடைய பெயருக்குக் கைதட்டிய ஊர் மட்டக்களப்பு ஒன்றுதான். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன், யாரும் மறுத்ததில்லை.

லெஸ்லியின் தங்கச்சி அவுஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார். அங்கிருந்து சினிமாப் புத்தகங்களைக் கட்டி அனுப்புவார். மொலினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவற்றில் லெஸ்லி வாசித்துச் சொன்னது. அவர் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மகன். (உன் அம்மா இப்போது எட்டிப் பார்த்து, "போன கிழம உப்பு வியாபாரிட மகன் எண்டீங்க" என்கிறாள். ஸ்டேஷன் மாஸ்டர் உப்பும் விற்றிருக்கலாம்.) பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துகிற வேலையில் இருந்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு சினிமாக்காரர்களின் ஊருக்குப் போனார். முதல் சில வருடங்கள் குதிரைப் படங்களுக்கு எழுதினார். அதில் என்ன எழுத இருக்கிறது. நில், சுடாதே, சுடு, அவ்வளவுதான். பிறகு நீதிமன்றப் படம் எழுதினார், அதற்குத் தங்கச் சிலை பரிசு கிடைத்தது. மேடையில் ஒரே ஒரு வரி பேசினாராம். அது என்ன வரி என்று புத்தகத்தில் இல்லை. என் பெயரைச் சரியாக உச்சரித்ததற்கு நன்றி என்றுதான் சொல்லியிருப்பார் என்று நான் முடிவு செய்தேன். அன்றிலிருந்து அப்படியே சொல்லி வருகிறேன்.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஒரு காலம் வந்தது. எழுதுகிறவர்களைக் கூப்பிட்டு, நீ யாருடைய ஆள், உன்னோடு கூட்டத்துக்கு வந்தவர்கள் யார் யார், பெயரைச் சொல் என்று கேட்டார்கள். இது நமக்குப் புதிதாகப் படாது. மொலின் ஒருவருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆகவே அவருடைய பெயர் போயிற்று. கம்பனிகள் கதவைச் சாத்திவிட்டன. அவர் வீட்டில் இருந்து எழுதினார். சிநேகிதர் ஒருவர் அதைத் தன் பெயரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படி எழுதிய ஒரு படத்துக்கு மறுபடியும் தங்கச் சிலை கிடைத்தது. சிநேகிதர் மேடையில் ஏறி வாங்கினார். எழுதியவர் வீட்டில் இருந்தார்.

இதெல்லாம் வெளியில் தெரிய முந்தியே அந்தப் படம் நம் தியேட்டருக்கு வந்தது. ஒரு வெளிச்சவீட்டுக் காவல்காரனின் கதை. பெயர் ஓடியபோது விரல் வரவில்லை. வேறு யாருடைய பெயரோ இருந்தது. நானும் லெஸ்லிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்சாதி கேட்கிறாள், நீ என்னை விட்டுப் போகப் போகிறாயா என்று. புருசன் சொல்கிறான், கூரை ஒழுகுகிறது என்று. நான் லெஸ்லியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இது மொலின்."

"பைத்தியமா மேன். பேர் வேற போட்டிரிக்கு."

"பேர் ஆர்டயும் இரிக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லாம வேற ஒண்டச் சொல்றது மொலின்ட கதையில வாற ஆள்தான்."

சில வருடம் கழித்து ஒரு புத்தகம் வந்தது. லெஸ்லி மெஷின் அறையிலிருந்து இறங்கி, நான் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்த சந்திக்கே சைக்கிளில் வந்துவிட்டார். "நீ சொன்னது சரி மேன்" என்றார். என் வாழ்க்கையில் படித்த மனிதர் ஒருவர் எனக்கு அப்படிச் சொன்னது அன்றுதான். அந்தப் படம் மறுபடி ஓட வந்தபோது, நோட்டீஸில் மொலின் பெயரைப் போட்டேன். பெயர் ஓடுகிற இடத்தில் லெஸ்லியின் விரல் வந்து, சிநேகிதருடைய பெயரை அழிப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. அன்றைக்குத் தட்டிய கைதட்டில் கூரைத் தகரத்திலிருந்து ஒரு கூட்டம் புறா எழும்பிப் போயிற்று. புறாவை நான் சேர்க்கவில்லை, அது உண்மையாகவே எழும்பிப் போயிற்று.

பிறகு தியேட்டர் மூடியது, நான் வீடியோ டெக் வாடகைக்கு விட்டேன், ஸ்பீக்கர் கட்டினேன், நீ பிறந்தாய், எழுதத் தொடங்கினாய். இதெல்லாம் உனக்குத் தெரிந்தது. கடல் வந்ததற்கு வருகிறேன்.

நான் முன்பே சொல்லாத ஒன்று என்றால் அது இதுதான். சொன்னேன் என்று சொன்னால் நம்ப ஆள் இருக்கும். ஆனால் அந்தக் காலையைப் பற்றி நான் ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்வதில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள், லெஸ்லிக்கு நண்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் போனேன். டச்பாருக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். கதைத்ததால் பிழைத்தேன். டச்பார் போயிற்று, லெஸ்லி போனார், அவருடைய வீட்டில் தகரப் பெட்டியில் இருந்த சினிமாப் புத்தகங்கள் போயின. கடற்கரைப் பக்கம் நம் வீடும் போயிற்று. நீயும் அம்மாவும் டவுனில் ஒரு சாவீட்டுக்குப் போயிருந்தபடியால் இருக்கிறீர்கள். லெஸ்லியை நீயும் நானும் தேடினோம். கிடைக்கவில்லை.

பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது, அங்கிருந்த பிள்ளைகளுக்காக நீ ஒரு நாடகம் எழுதினாய். கடலை உள்ளே விட்டது யார் என்று மீன்கள் கூடி விசாரணை வைக்கிற நாடகம். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்களும் சிரித்தார்கள். விசாரணை நடத்துகிற பெரிய மீனைப் பார்த்துச் சிரித்ததுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். யார் அனுப்பி வந்தார்கள் என்று அந்தக் காலத்தில் கேட்க முடியாது.

"நாடகம் ஆர் எழுதின?"

நீ வாயைத் திறந்தாய். நான் உனக்கு முன்னால் வந்து நின்றேன்.

"அது கொழும்பில இருந்து வந்த நாடகம் தம்பி. எழுதினவன் ஆரோ ஒருத்தன், பேர் வாயிலயே வராது. நாங்க பொடியன்களுக்குப் பழக்கிவிட்ட மட்டுந்தான். தண்ணி கிண்ணி குடிக்கிறீங்களா?"

அவர்கள் உன்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு போய்விட்டார்கள். நீ சாப்பாட்டு வரிசைக்கு வரவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் போய் இருந்துகொண்டாய். நான் வந்து பக்கத்தில் இருந்தபோது சொன்னாய்: "நான் எழுதினத நானே இல்ல எண்டு சொல்றதுக்கு, இனி எழுதாமலே இரிக்கிறன் அப்பா."

அப்போதுதான் உனக்கு மொலினுடைய கடைசிக் கதையைச் சொன்னேன். அவர் கிழவராகிவிட்டார். ஒரு நாள் பின்னேரம் வீட்டு முற்றத்தில் பூமரங்களுக்குக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாசலில் நீளமான கார் ஒன்று வந்து நிற்கிறது. கோட்டுப் போட்ட இரண்டு பேர் இறங்கி வருகிறார்கள். ஒருவர் கையில் துணியில் சுற்றிய தங்கச் சிலை. இது உங்களுடையது ஐயா, இத்தனை காலம் வேறு வீட்டில் இருந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்கிறார்கள். மொலின் திரும்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் படியில வையுங்க, கை ஈரம்" என்கிறார். சொல்லிவிட்டு மிச்ச மரங்களுக்கும் தண்ணீர் பிடிக்கிறார். இதைக் கேட்டுவிட்டு, "கை ஈரம் எண்டாரா" என்று கேட்டாய். ஓம் என்றேன். எழும்பிச் சாப்பிடப் போனாய்.

அதற்குப் பிறகு சண்டை முடியும் வரைக்கும் நீ பெயர் இல்லாமல் எழுதினாய். வானொலிக்கு எழுதினாய், மேடைக்கு எழுதினாய். ஒன்றிலும் உன் பெயர் இல்லை. உன்னோடு எழுதத் தொடங்கிய பொடியன்களில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். நான் செய்தது சரி. இந்த ஊரில் என்னைப் போல ஒரு காரியம் எந்தத் தகப்பனும் செய்திருக்க முடியாது. அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கடலுக்குப் பிறகு நமக்குக் கிடைத்த திராய்மடு வீட்டிலிருந்து உனக்கு அழைப்பு எடுத்தேன்.

"மனே, வெள்ளிக்கிழம கையெழுத்து வைக்கப் போறியாம்?"

"அம்மாட கால் வீக்கம் வத்திட்டா அப்பா?"

"அவட கால் அவவோட இரிக்கு. நான் கேட்டதுக்குச் சொல்லு."

"டைரக்டர் நல்ல மனிசன் அப்பா. அவர்ர பேர் எண்டாத்தான் அங்க எடுபடும். படம் போகணும், அதுதான் முக்கியம்."

"தோணிக்காரனுக்கும் ஆட்டுக்காரனுக்கும் நடுவில உன்ட பேர்."

நீ சிரித்தாய். சிரித்துவிட்டுச் சொன்னாய்: "மொலினுக்கு எவ்வளவு காலம் போச்சு? கடைசியில வீட்டத் தேடி வந்து குடுத்தாங்கதானே. எனக்கும் வருவாங்க. நீங்கதானே சொன்னீங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான். தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் உன்னோடு கதைத்து முடித்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, உங்கட வாய்க்கும் பூட்டுப் போட ஒருத்தன் வந்திட்டானா?"

"அவன் மொலின்ட கதையச் சொல்றான் கா."

"சொல்லுவான். நீங்கதானே குடுத்த. அவனிட்டச் சொல்லிருங்க."

"என்னத்த?"

"என்னத்த எண்டு உங்களுக்குத் தெரியும்." அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னோடு இத்தனை காலம் இருந்தவள். நான் எந்தச் சொல்லில் குரலை உயர்த்துகிறேன், எந்தச் சொல்லில் தாழ்த்துகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே முதலில் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை டைரக்டரிடம் போ. அவர் தேத்தண்ணி தருவார், குடி. அவர் இயக்கியதை நீ இயக்கியதாகப் போடச் சொல்லி நீ கேட்கவில்லை. நீ எழுதியதை அவர் எழுதியதாகப் போடச் சொல்லி அவரும் கேட்கக் கூடாது. இதை இந்த அளவில், சத்தம் போடாமல் சொல். அவர் கோபிப்பார். விழாவுக்கு நேரம் போய்விட்டது என்பார், உனக்கு நன்றியில்லை என்பார், படத்தையே அனுப்பாமல் விடுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அனுப்பாமல் விட்டால் விடட்டும். நானாக இருந்தால் அந்த ஆட்டுச் சண்டையைப் போல இன்னும் பத்து எழுதுவேன். நீயோ என்னைவிடக் கொஞ்சம் நன்றாகவே எழுதுகிறாய். முகாமில் உன் பெயரைக் கேட்டு வந்தவனுக்கு அதைக் கொடுத்திருந்தால் உன் உயிர் போயிருக்கும். அதனால் ஒளித்தோம். இந்த மனிதர் உன் உயிரைக் கேட்கவில்லை. கேட்பது நீ எழுதியதை. எனக்கு அந்த வித்தியாசம் விளங்குகிறது. உனக்கு விளங்காமல் போனதற்கு உன்னில் பிழை இல்லை. நீ இன்னும் அந்த மாமரத்தடியில் கேட்ட கதைக்குள்ளேயே இருக்கிறாய். அதற்குள் உன்னை இருத்தியவன் நான்.

எனவே, உன் அம்மா சொல்லச் சொன்னதை இப்போது சொல்கிறேன். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்தப் புத்தகத்தில், சிநேகிதர் வாங்கிய பரிசு உண்மையில் மொலினுக்கு உரியது என்கிற வரைக்கும்தான் இருந்தது. அதை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்களா என்று ஒரு வரியும் இல்லை. அதற்குப் பிறகு லெஸ்லிக்குப் புத்தகம் வரவில்லை. வந்திருந்தாலும் அவரையும் கடல் கொண்டுபோய்விட்டது, கேட்க ஆள் இல்லை. காரை நிறுத்தியவன் நான். கோட்டுக்காரர் இருவரையும் இறக்கியவன் நான். பூமரம், குழாய், படி, ஈரக் கை எல்லாம் நான் அந்த மாமரத்தடியில் இருந்து கட்டியது. நீ சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கட்டினேன், நீ சாப்பிட்டாய். ஆனால் அதை நம்பி நீ கையெழுத்து வைக்க வேண்டாம். அந்த மனிதருடைய வீட்டுக்கு யாரும் வந்ததாக எனக்குத் தெரியாது, மகன்.